ரெட் சாக்ஸில் யார் பெரியவர், எது பெரிய ஆட்டம்? – கேள்வி பதில்

பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நீளமான கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சார், சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள். இந்த அணியின் தலைசிறந்த வீரர் யார்?

டெட் வில்லியம்ஸ். 1939இல் ஆரம்பித்து 1960இல் ஓய்வு பெறும்வரை வேறு எந்த அணிக்கும் போகாதவர். 521 ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடிப்பது), 0.344 பேட்டிங் சராசரி, அதாவது ஆயிரம் வாய்ப்பில் 344 ஹிட் என்ற கணக்கு. அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸைத் தொட்டால் அது ஹிட். இவற்றைவிட நான் பெரிதாக மதிக்கும் கணக்கு ஒன்று உண்டு. பேட் பிடித்ததில் 48 சதவீதம் முறை அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்விட்டார். அமெரிக்காவின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக்கில் இந்தக் கணக்கில் இன்றுவரை அவருக்கு மேலே ஆள் இல்லை. அதுவும் 1943 முதல் 1945 வரை மூன்று சீசன்களை உலகப் போர் முழுதாக விழுங்கிவிட்டது. 1952, 1953 சீசன்களில் பெரும்பகுதி கொரியாவில் போர் விமானம் ஓட்டியதில் போனது. அந்த வருடங்களும் கையில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

1941 சீசனின் கடைசி நாளைத் தெரிந்துகொண்டால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். அன்று காலை அவருடைய சராசரி 0.39955. பதிவேட்டில் அது 0.400 என்றே ஏறியிருக்கும். விரும்பினால் ஆடாமல் இருந்துகொள்ளலாம் என்றார் மேனேஜர் ஜோ க்ரோனின். வில்லியம்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, 8 வாய்ப்புகளில் 6 ஹிட் அடித்து, 0.406இல் முடித்தார். மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளான அமெரிக்கன் லீகிலும் நேஷனல் லீகிலும் அதற்குப் பிறகு யாரும் 0.400ஐத் தொடவில்லை.

கேள்வி: அவர் ஒரு வேர்ல்ட் சீரிஸ்கூட ஜெயிக்கவில்லையே அண்ணா? டேவிட் ஓர்டிஸ் மூன்று ஜெயித்தார். அவர்தானே பெரியவர்?

வேர்ல்ட் சீரிஸ் என்பது கோப்பைக்கான இறுதித் தொடர். வில்லியம்ஸ் ஆடியது ஒன்றே ஒன்று, 1946இல். 25 வாய்ப்புகளில் 5 ஹிட்தான். பாஸ்டன் ஏழாவது ஆட்டத்தில் செயின்ட் லூயிஸிடம் தோற்றது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பேஸ்பாலில் ஒன்பது பேர் வரிசையாக வந்துதான் மறுபடி ஒருவருக்கு முறை வரும். பந்து வீசுவது வேறொருவர். கோப்பைக் கணக்கை ஒரு பேட்டரின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

சரி, நெருக்கடியில் யார் என்று கேட்டால் ஓர்டிஸ்தான். 2013 வேர்ல்ட் சீரிஸில் 16 வாய்ப்புகளில் 11 ஹிட். அதற்கு முன்பு டெட்ராய்ட்டுக்கு எதிரான தொடரில், முதல் ஆட்டம் தோற்று, இரண்டாவதிலும் எட்டாவது இன்னிங்ஸில் 1–5 என்று பின்தங்கிய நிலை. மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட். முதல் பந்தையே அடித்தார். பிடிக்க ஓடிய டோரி ஹன்டர் சுவருக்கு மேலே தலைகீழாகப் புரண்டு புல்பென்னுக்குள் (மாற்றுப் பந்து வீச்சாளர்கள் தயாராகும் இடம்) விழ, அங்கே நின்ற போலீஸ்காரர் இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டார். ஹோம் ரன், ஒரே அடியில் நாலு ரன். ஆட்டம் 5–5. ஒன்பதாவது இன்னிங்ஸில் பாஸ்டன் ஜெயித்தது.

கேள்வி: பந்து வீசும் பிட்ச்சர்களில் யார்?

பெட்ரோ மார்டினஸ். சை யங், ரோஜர் கிளெமன்ஸ் இருவரும் பாஸ்டனுக்காக ஆளுக்கு 192 வெற்றிகள், பெட்ரோவுக்கு 117தான். ஆனாலும் 1999, 2000 ஆகிய இரண்டு வருடங்கள் அவர் வீசியதுபோல யாரும் வீசியதில்லை என்பது என் கருத்து. 2000இல் லீகின் பிட்ச்சர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஏறக்குறைய 5 ரன் கொடுத்தார்கள். பெட்ரோ கொடுத்தது 1.74. 1999 பிளேஆஃபில் முதுகு வலியோடு கிளீவ்லேண்டில் நாலாவது இன்னிங்ஸில் இறங்கினார், ஸ்கோர் 8–8. ஆறு இன்னிங்ஸ் வீசி ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை.

கேள்வி: பேப் ரூத்தை விட்டுவிட்டீர்களே? அவரை விற்றதுதானே அணி செய்த மிகப் பெரிய தவறு?

ரூத் பாஸ்டனில் பெரும்பாலும் பிட்ச்சர். அருமையான பிட்ச்சர், 89 வெற்றிகள். ஆனால் அவருடைய 714 ஹோம் ரன்களில் பாஸ்டனுக்காக அடித்தவை 49. அவர் பெருமை அவரை வாங்கிய நியூயார்க் யாங்கீஸுக்குச் சேர்ந்தது.

மிகப் பெரிய தவறு அந்த விற்பனை இல்லை. 1945 ஏப்ரலில் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனைத் தங்கள் மைதானமான ஃபென்வே பார்க்குக்கு வரவழைத்து ஆடவிட்டுப் பார்த்தார்கள். அப்புறம் கூப்பிடவே இல்லை. 1947இல் அவர் புரூக்ளின் அணிக்காக இறங்கினார். ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பின வீரர் பம்ப்சி கிரீனைக் களமிறக்கியது 1959இல். கறுப்பின வீரரைச் சேர்த்துக்கொண்ட கடைசி மேஜர் லீக் அணி இதுதான். இந்த அணியை நேசிக்கிறவர்கள் முதலில் பேச வேண்டியது இதைத்தான்.

கேள்வி: 1986இல் பில் பக்னர் அந்தப் பந்தைக் காலுக்கு நடுவே விட்டதால் கோப்பை போயிற்று என்கிறார்கள். உண்மையா?

இல்லை. வேர்ல்ட் சீரிஸில் நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். பாஸ்டன் 5–3 முன்னிலை, இரண்டு அவுட், பேஸில் ஆளே இல்லை. அடுத்தடுத்து மூன்று பேர் ஹிட் அடித்தார்கள். பிட்ச்சர் தவறாக வீசிய ஒரு பந்தில் ஸ்கோர் சமமானது. பந்து முதல் பேஸ் பக்கம் நின்ற பக்னரிடம் உருண்டு போனபோது முன்னிலை ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அதற்குப் பிறகு ஏழாவது ஆட்டமும் இருந்தது. அதில் 3–0 முன்னிலையில் இருந்து தோற்றார்கள். 2,715 ஹிட் அடித்த ஒரு மனிதரை ஒரே பந்துக்காக இத்தனை வருடம் பழித்தார்கள். 2008இல் ஃபென்வேயில் முதல் பந்து வீச அவரை அழைத்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ரொம்பத் தாமதம்.

கேள்வி: மறக்க முடியாத ஆட்டம் எது சார்? 1975 வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டம் என்கிறார் என் மாமனார்.

மாமனாரை நான் மதிக்கிறேன். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் கார்ல்டன் ஃபிஸ்க் அடித்த பந்து இடது எல்லைக் கம்பத்தை நோக்கிப் போக, உள்ளே போ போ என்று அவர் கைகளால் தள்ளிக்கொண்டே குதித்த காட்சி அழியாது. அந்த ஹோம் ரன்னில்தான் பாஸ்டன் ஜெயித்தது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் பாஸ்டன் தோற்றது.

என் தேர்வு 2004 அக்டோபர் 17. வேர்ல்ட் சீரிஸுக்குப் போகும் அணியை முடிவு செய்யும் தொடர், நாலு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். யாங்கீஸ் 3–0 என்று முன்னிலை. முந்தைய ஆட்டத்தில் பாஸ்டன் 19 ரன் கொடுத்திருந்தது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 3–4 என்று பின்னால், பந்து வீசுவது யாங்கீஸின் மரியானோ ரிவேரா. கெவின் மில்லர் வாக் வாங்கினார் (நாலு பந்து தவறாக வந்தால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம்), அவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸ் வந்தார். பேட்டர் அடிக்கும்வரை காத்திருக்காமல் ஓடி இரண்டாவது பேஸைத் திருடத்தான் அவர் வந்தார் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கே எறிந்து அவரைத் தடுத்துப் பார்த்தார். பேட்டருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் ஓடினார். கேட்சர் பொசாடா எறிந்த பந்தை இரண்டாவது பேஸில் ஜீட்டர் வாங்கித் தொடுவதற்குள் ராபர்ட்ஸின் கை பேஸில். பில் முல்லர் அடுத்து அடித்த ஹிட்டில் 4–4. பன்னிரண்டாவதில் ஓர்டிஸ் ஹோம் ரன். அங்கிருந்து நான்கு ஆட்டங்களும் பாஸ்டனுக்கே. மேஜர் லீகில் 0–3இல் இருந்து மீண்டு தொடரை வென்ற ஒரே அணி இன்றும் இதுதான். கோப்பைக்கான 86 வருடக் காத்திருப்பும் அந்த மாதமே முடிந்தது.

அந்தத் தொடரில் ராபர்ட்ஸ் ஒரு முறைகூட பேட் பிடிக்கவில்லை. அவரைச் சிறந்த வீரர்கள் பட்டியலில் நான் சேர்க்க மாட்டேன். ஆனால் அணியின் வரலாற்றிலேயே பெரிய தருணம் அவருடைய அந்த ஓட்டம்தான். சிறந்த வீரரும் சிறந்த தருணமும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்று நாம் அடம்பிடிப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

கேள்வி: மூக்கி பெட்ஸ்?

2018இல் 0.346 சராசரி, லீகின் மதிப்புமிக்க வீரர் விருது, கோப்பை. 2020இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பிவிட்டார்கள். இருந்திருந்தால் முதல் ஐந்தில் வந்திருப்பார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: நான் பேஸ்பாலுக்குப் புதிது. எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

2004இன் அந்த நாலாவது ஆட்டத்தை ஒன்பதாவது இன்னிங்ஸில் இருந்து பாருங்கள். ராபர்ட்ஸ் ஓடுவதற்கு முன்னால் ரிவேரா எறியும் அந்த மூன்று பந்துகளைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். பிறகு 1975 ஆறாவது ஆட்டத்தை எட்டாவது இன்னிங்ஸில் இருந்து. அதில் பெர்னி கார்போ ஸ்கோரைச் சமமாக்கிய ஹோம் ரன்னும் வரும்.