இரட்சிப்பு, ஒப்புரவு: கேள்வி பதில்

கேள்வி: பிரதர், நாங்கள் 'இரட்சிப்பு' என்கிறோம், கத்தோலிக்க நண்பர் 'மீட்பு' என்கிறார். இரண்டும் ஒன்றா?

பதில்: ஒன்றுதான். பழைய மொழிபெயர்ப்பில் இரட்சிப்பு, 1995இல் வந்த திருவிவிலியத்தில் மீட்பு. அதைவிட 'ஒப்புரவாகுதல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். (குறளின் 22ஆம் அதிகாரத்தில் ஒப்புரவு என்றால் ஊருக்கு உதவி வாழ்வது. வேதத்தில் பகை தீர்ந்து மறுபடி சேர்வது.) ரோமர் 5:10இன்படி நாம் சத்துருக்களாக இருக்கையிலேயே தேவன் நம்மை ஒப்புரவாக்கினார். சமாதானத்துக்கு முதலில் வந்தது தப்பு செய்த பக்கம் அல்ல.

கேள்வி: குடியை விட்டுவிட்டு, கொஞ்சம் சரியான பிறகு ஜெபிக்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: வரிசை தலைகீழாக இருக்கிறது. லூக்கா 15இல் 19ஆம் வசனத்தையும் 21ஆம் வசனத்தையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்துவிட்டு அப்பாவிடம் திரும்பும் இளைய மகன் தயார் செய்த பேச்சில் கடைசி வரி, 'என்னைக் கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும்' என்பது. அப்பாவின் முன்னால் அந்த வரி வரவே இல்லை. அதற்குள் வஸ்திரமும் மோதிரமும் பாதரட்சையும் கொண்டுவரச் சொல்லியாகிவிட்டது. ஆகவே இன்றைக்கே ஜெபியுங்கள். தினமும் அதிகம் குடிப்பவரென்றால் டாக்டரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரக்கூடும். சிகிச்சைக்குப் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

கேள்வி: தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். குற்ற உணர்வு போகவில்லை.

பதில்: பெரும்பாலும் பாவ அறிக்கை மொத்தமாக இருப்பதுதான் கோளாறு. 'என் பாவங்களையெல்லாம் மன்னியும்' என்பதில் எதுவும் வெளியே வருவதில்லை. இன்னாரிடம் இன்ன பொய் சொன்னேன் என்று பெயரிட்டுச் சொல்லுங்கள். லேவியராகமம் 5:5 கேட்பதும் அதைத்தான். இன்னொன்று, மனஸ்தாபம் வேறு, மனந்திரும்புதல் வேறு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மனஸ்தாபப்பட்டு 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான், ஆனால் இயேசுவிடம் திரும்பவில்லை. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான், ஆனால் சீஷர்களை விட்டுப் போகவில்லை. கத்தோலிக்கர் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள். மற்றவர்களும் நம்பகமான ஒருவரிடம் சொல்லலாம் (யாக்கோபு 5:16), ஆனால் சாட்சிக் கூட்டத்து மைக்கில் வேண்டாம்.

கேள்வி: சீட்டுப் பணத்தில் ஒருவரை ஏமாற்றினேன். தேவன் மன்னித்த பிறகும் அதைத் திருப்பித் தர வேண்டுமா?

பதில்: ஆம். மன்னிப்பு தேவனோடு உள்ள பகையைத் தீர்க்கிறது, அவருடைய பணம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. லேவியராகமம் 6:5 கணக்கு: முழுத் தொகை, அதோடு ஐந்தில் ஒரு பங்கு. 50,000 ரூபாய் என்றால் 60,000. லூக்கா 19இல் வரும் சகேயு என்ற வரி வசூலிப்பவன் இதையும் தாண்டி நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். ஒரு ஆட்டைத் திருடி அடித்தவன் நாலு ஆடு கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமம் 22:1. ஆனால் இயேசு 'உன் வீட்டில் தங்கவேண்டும்' என்று சொன்னது 5ஆம் வசனத்தில், சகேயு கணக்குத் தீர்த்தது 8ஆம் வசனத்தில். பணம் கொடுத்து இரட்சிப்பை வாங்கவில்லை, வந்த விருந்தாளியால் பெட்டி திறந்தது.

இன்றைய கிறிஸ்தவனை 20 சதவீதம் சட்டமாகக் கட்டுப்படுத்தாது, நல்ல அளவுகோல் அவ்வளவுதான். தொகையைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், 'நிலைமை அப்படி' என்று விளக்கம் சொல்லாதீர்கள். மொத்தமாக முடியாதென்றால் தவணைத் தேதியை எழுதிக் கொடுங்கள். அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: இரட்சிப்பு விசுவாசத்தாலா, கிரியையாலா (நற்செயலாலா)?

பதில்: 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையின் சாரம் இது: கிருபையாலே மட்டும் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், நற்கிரியைகள் அதன் கனி. மெதடிஸ்டுகள் 2006இல் அதில் சேர்ந்தார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை, ஆனால் பழைய சண்டையை அதே சூட்டில் போட இடமில்லை.

கேள்வி: நான் பணம் தர வேண்டியவர் இறந்துவிட்டார்.

பதில்: எண்ணாகமம் 5:8 பாருங்கள். வாரிசு இருந்தால் அவர்களுக்கு. ஒருவரும் இல்லையென்றால் அது கர்த்தருக்கு, ஆசாரியன் வசம் சேரும். இன்றைக்கு ஏழைகளுக்குக் கொடுக்கலாம், ஆனால் முதலில் அவருடைய பிள்ளைகளைத் தேடிப் பாருங்கள்.