பேட்டரி ரம்பம் புதிதாக வாங்கியிருக்கிறேன். சார்ஜ் போடுவதிலும் அறுப்பதிலும் என்னென்ன கவனிக்க வேண்டும்?

மதுரைப் பக்கம் பன்னிரண்டு வருடமாக அலமாரி, கிச்சன் வேலை எடுத்துச் செய்கிறேன். நீங்கள் 18 வோல்ட் வட்ட ரம்பம் வாங்கியிருப்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் ஒரு சம்பவம். ஆறு வருடத்துக்கு முன் ஒரு சைட்டில், என்னோடு இருந்த பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் மிஷினை வைத்து பிளேடு மாற்றிக்கொண்டிருந்தான். பேட்டரியைக் கழற்றவில்லை. சுவிட்சுக்கு மேலே லாக் பட்டன் ஒன்று இருக்கும், அதை அழுத்தினால்தான் சுவிட்ச் வேலை செய்யும். அது தூள் அடைத்து உள்ளேயே சிக்கிக் கிடந்தது; அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. போல்ட் இறுக்கமாக இருந்ததால் கைப்பிடியை அழுத்திப் பிடித்திருக்கிறான், விரல் சுவிட்சில் பட்டுவிட்டது. பிளேடு ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை. இரண்டு விரலில் ஏழு தையல். விரல்கள் தப்பின, அது அவன் நல்ல நேரம்.

ஒயர் உள்ள மிஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டோமா என்று கண் தானாகத் தேடும். இதில் ஒயர் இல்லாததால் மிஷின் செத்துக் கிடப்பது போலவே தெரியும். பேட்டரி உள்ளே இருந்தால் அது பிளக்கில் செருகின மிஷின்தான். பிளேடு மாற்ற, ஆழம் சரிசெய்ய, சிக்கின சிம்பை எடுக்க, ஏணியில் ஏற, எதுவானாலும் பேட்டரி கையில் வந்த பிறகுதான். லாக் பட்டனையும் தினமும் காலையில் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விட்டதும் அது துள்ளி வெளியே வரணும்.

இனி சார்ஜ். "புது பேட்டரியை எட்டு மணி நேரம் போடணும்", "முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்" என்று கடையிலேயே சொல்வார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். இப்போது வருவது லித்தியம் அயான். பாதியில் போடலாம், பாதியில் எடுக்கலாம், ஒன்றும் ஆகாது. அதற்கு ஆகாதது ஒட்ட ஒட்டத் தீர்ப்பது. அறுக்கும்போது வேகம் தளர்ந்தாலோ மிஷின் தானாக நின்றாலோ திரும்பத் திரும்ப சுவிட்சை அழுத்திக் கடைசிச் சொட்டைக் கறக்காதீர்கள்.

உள்ளே 3.6 வோல்ட் செல்கள் ஐந்து வரிசையாக இருக்கும், அதுதான் 18. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2க்குப் போகும், மொத்தம் 21. ஆக 18, 20, 21 என்று வேறு வேறு பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் ஒரே பேட்டரிதான். சில மலிவு பேட்டரிகளில் 48, 88 என்றெல்லாம் எண் போட்டிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். சார்ஜர் மட்டும் அந்தந்த கம்பெனியுடையதாகவே இருக்கட்டும்.

நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது சூடு. 10 முதல் 40 டிகிரிக்குள் சார்ஜ் போடச் சொல்லித்தான் பல கையேடுகள் சொல்கின்றன. மே மாதம் மதியம் மொட்டை மாடியில் அந்த அளவு எங்கே இருக்கிறது? அறுத்து முடித்ததும் பேட்டரியைத் தொட்டால் கொதிக்கும். அதை அப்படியே சார்ஜரில் செருகாமல் அரை மணி நேரம் நிழலில் வையுங்கள். நல்ல சார்ஜர் விளக்கை மினுக்கிவிட்டு ஆறும்வரை காத்திருக்கும், மலிவானது காத்திருக்காது. சீக்கிரம் ஆறட்டும் என்று ஃபிரிட்ஜில் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்காதீர்கள். சார்ஜ் போடும் இடம் வெறும் தரையாக இருக்கட்டும், பக்கத்தில் மரத்தூள் குவியல் வேண்டாம், தூங்கப் போகும்போது கழற்றிவிடுங்கள். உப்பினது, மேலிருந்து விழுந்து உடைந்தது, மழையில் நனைந்தது எதையும் சார்ஜ் போடாதீர்கள். ஆசாரிப் பையில் ஸ்குரூவோடு பேட்டரியைப் போடும் பழக்கமும் ஆபத்து. இரண்டு முனையிலும் ஒரு ஸ்குரூ பட்டால் போதும், ஷார்ட் ஆகிவிடும்.

அறுக்கும்போது பலருக்கும் பயம் பிளேடு மேல்தான். எனக்குப் பயம் மிஷின் உதைப்பதில். எட்டுக்கு நாலு பிளைவுட்டை இரண்டு ஸ்டூல் மேல் இரண்டு ஓரமும் படும்படி வைத்து நடுவில் அறுக்கிறோம் என்று வையுங்கள். பாதி தூரம் போனதும் ஷீட் நடுவில் தொய்யும். அறுத்த வாய் மேலே மூடி பிளேடை இரண்டு பக்கமும் கவ்வும். கவ்வின அந்த நொடியில் மிஷின் பலகையை விட்டு எழும்பி உங்களை நோக்கிப் பின்னால் பாயும். நிறுத்த நேரம் இருக்காது. அதனால் தரையில் நாலைந்து ரீப்பர் கட்டை போட்டு, அறுக்கும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் தாங்கல் இருக்கிற மாதிரி ஷீட்டைப் படுக்கப் போடுங்கள். பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள், இரண்டு கையும் மிஷினில் இருக்கட்டும். 18 எம்எம் பிளைவுட்டுக்குப் பிளேடு 21, 22 எம்எம் இறங்கினால் போதும். முழு வேகம் வந்த பிறகு மரத்தில் இறக்குங்கள். கோடு விலகினால் அங்கேயே திருப்பாதீர்கள், சுவிட்சை விட்டு, பிளேடு நின்றபின் எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள்.

கீழே பிளேடை மூடுகிற கார்டு (காப்பு மூடி) இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரு மரச்சிம்பைச் செருகி மேலே தூக்கி நிறுத்திவிடுவார்கள். சைட்டுக்கு சைட் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. அறுத்து முடித்து மிஷினைத் தொடை ஓரம் இறக்கும்போது பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், அப்போது மூட வேண்டியது அந்த கார்டுதான். டைல்ஸ் கட்டரிலும் கிரைண்டரிலும் மர பிளேடு மாட்டி அறுப்பது இதைவிடக் கொடுமை. கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும், கீழ் கார்டும் கிடையாது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

லுங்கி, தோளில் துண்டு, தொளதொள சட்டைக்கை, துணிக் கையுறை எதுவும் பிளேடு பக்கம் வேண்டாம். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம், மரத்தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல.

இன்னொன்று. "பேட்டரி போய்விட்டது அண்ணே, அரை ஷீட்டுகூட வரவில்லை" என்று என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் பிளேடைத்தான் காட்டச் சொல்வேன். பல் மழுங்கி, பிசின் ஏறிக் கறுத்திருக்கும். அறுத்த ஓரம் கருகி, தீய்ந்த வாடை வரும். மழுங்கின பிளேடைத் தள்ளித் தள்ளி அறுக்கும்போது மோட்டார் கரண்டை உறிஞ்சுகிறது, பேட்டரி சூடாகிறது, மிஷினும் அதிகம் உதைக்கிறது. பிளைவுட்டுக்கு 40 பல்லுக்கு மேல், சட்டத்தை நீளவாக்கில் கிழிக்க 24 பல் என்று இரண்டு பிளேடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் வேலை இல்லையென்றால் பேட்டரியைப் பாதிச் சார்ஜில் விட்டு, கழற்றி, குளுமையான இடத்தில் வையுங்கள். எங்கள் பட்டறையில் மிஷின் கீழ்த் தட்டில், பேட்டரி மேல் தட்டில். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்த மேல் தட்டுக்கு ஒரு பூட்டும் போட்டுவிடுங்கள்.