நானும் புரூனோ மாதிரிதானா?

கேள்வி: எனக்கு 24 வயது, மனைவிக்கு 21. குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. ஒப்பந்த வேலை போய்விட்டது, கடனில்தான் வீடு ஓடுகிறது. போன வாரம் இருவரும் 'லான்ஃபான்' என்ற பிரெஞ்சு மொழிப் படம் பார்த்தோம். பெற்ற பிள்ளையை விற்றுவிட்டு வந்து புரூனோ சொன்னதும் சோனியா மயங்கி விழுகிறாளே, அந்த இடத்தில் என் மனைவி எழுந்து போய்விட்டாள். "நீயும் இப்படிச் செய்வியா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்தக் குழந்தை இப்போது பிறக்காமல் இருந்திருக்கலாமே என்று சில ராத்திரிகளில் நினைத்திருக்கிறேன். தூக்கி வைத்துக்கொண்டாலும் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. நான் கெட்டவனா? இல்லாமை மனிதனை இப்படி ஆக்கிவிடுமா? கடைசியில் அழுததற்காகப் படம் புரூனோவை மன்னித்துவிடுகிறதே, அது நியாயமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர்)

பதில்: தம்பி, எனக்குக் கடிதம் எழுதியது இருக்கட்டும், முதலில் உங்கள் மனைவிக்குப் பதில் சொல்லிவிடுங்கள். "மாட்டேன்" என்ற ஒரு வார்த்தை போதும். நீங்கள் பேசாமல் இருந்ததை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இப்போது படத்துக்கு வருவோம். புரூனோ பிள்ளையை விற்றது பசியால் அல்ல. அவனுக்கு 20 வயது, சோனியாவுக்கு 18. அவள் பிரசவமாகி ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது, அவளுடைய வீட்டையே வேறு யாருக்கோ வாடகைக்கு விட்டிருக்கிறான். திருடிய காசு கையில் இருந்தால் வாடகைக் கார், தோல் ஜாக்கெட் என்று அன்றைக்கே தீர்த்துவிடுவான். வேலைக்குப் போவது கேவலம் என்பது அவன் எண்ணம். உதவித்தொகைக்காக அவள் வரிசையில் நிற்கிறாள். குழந்தையைக் கொஞ்சம் உலாத்திவிட்டு வருகிறேன் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவன்தான் அதை விற்றுவிடுகிறான்.

விற்கிற காட்சியைக் கவனித்தீர்களா? காலியான ஓர் அறை. தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தரையில் விரித்து, அதன்மேல் குழந்தையைக் கிடத்துகிறான். பிறகு பக்கத்து அறைக்குப் போய்க் காத்திருக்கிறான். வாங்க வந்தவர்களின் முகத்தை அவனும் பார்ப்பதில்லை, நாமும் பார்ப்பதில்லை. சத்தம் மட்டும் கேட்கிறது. திரும்பி வந்தால் பிள்ளை இல்லை, பணம் இருக்கிறது. 5,000 யூரோ. சோனியாவிடம் "இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம்" என்று சாதாரணமாகச் சொல்கிறான். அவனிடம் கொடூரம் இருப்பதாக எனக்குப் படவில்லை. தன் பிள்ளையை அவன் அதுவரை ஒருமுறைகூட நிதானமாகப் பார்த்திருக்கவில்லை, அதுதான் என்னை நடுங்க வைத்தது.

இல்லாமை இப்படி ஆக்கிவிடுமா என்று கேட்கிறீர்கள். அதே ஊர், அதே வரிசை, அதே காலிப் பைதான் சோனியாவுக்கும். அவள் விற்கவில்லையே. அதற்காக வறுமைக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். படத்தை எடுத்த ழான்-பியர், லூக் தார்தென் சகோதரர்கள் பெல்ஜியத்தின் செராங் பகுதியை நன்றாக அறிந்தவர்கள். மியூஸ் ஆற்றங்கரையில் எஃகு ஆலைகளால் வாழ்ந்து, அவை நொடித்தபோது தானும் நொடித்துப்போன தொழில் நகரம் அது. தங்கள் படங்களில் பெரும்பாலானவற்றை அந்த வட்டாரத்திலேயே எடுத்தார்கள். அங்கே வேறொரு படப்பிடிப்பின்போது, ஓர் இளம்பெண் குழந்தை வண்டியை முரட்டுத்தனமாகத் தள்ளிக்கொண்டு இலக்கில்லாமல் சுற்றுவதைப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளையின் அப்பா எங்கே என்று யோசித்ததில் பிறந்ததாம் இந்தக் கதை. 2005இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருது இதற்குக் கிடைத்தது. புரூனோவுக்குப் புத்தி சொல்ல ஒரு பெரியவர் கிடையாது, பெற்ற தாயும் அவனை வாசலோடு பேசி அனுப்பிவிடுகிறாள். இவ்வளவையும் காட்டிவிட்டு, செய்தது அவன்தான் என்பதையும் படம் விடாமல் சொல்கிறது. நான் ஒப்புக்கொள்கிற பார்வையும் அதுதான்.

மன்னிப்பு விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. அழுகைக்கு முன்னால் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிள்ளையை மீட்டு வந்தபின் புரூனோ சோனியாவிடம் மன்னிப்புக் கேட்டுக் கெஞ்சுகிறான், அவள் கதவைச் சாத்துகிறாள். சாத்தியது சரிதான், அந்த நிலையிலும் அவன் அவளிடம் காசு கேட்கிறான். அப்புறம் ஸ்டீவ் என்ற சிறுவனைக் கூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போய் ஒரு பெண்ணின் பையைப் பறிக்கிறான். துரத்தல். இருவரும் குளிர்ந்த ஆற்றில் இறங்கி ஒளிகிறார்கள். பையனுக்குக் கால் மரத்துப்போகிறது, புரூனோ உட்கார்ந்து தேய்த்துவிடுகிறான். இன்னொரு உயிரின் குளிர் அவன் கைக்குத் தெரிவது அங்கேதான். ஸ்டீவ் மாட்டிக்கொள்கிறான், புரூனோ தப்பிவிட்டான். அப்படியே போயிருக்கலாம். ஆனால் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்து, செய்தது நான் என்கிறான். என் கணக்கில் அவன் தகப்பன் ஆவது அந்த இடத்தில்தான். சிறையில் அழுவது அதற்குப் பின்னால் வருகிறது. சோனியா காப்பி வாங்கிக்கொடுக்கிறாள், சேர்ந்து அழுகிறாள். மன்னித்தேன் என்று அவள் வாயால் சொல்வதில்லை, சொல்லிவிட்டதாக நம்மை நினைக்க வைக்க ஓர் இசைகூட இல்லை.

உங்கள் விஷயம் வேறு. பிறக்காமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தது குற்றம் அல்ல. தூக்கமும் வருமானமும் இல்லாத வீட்டில் அந்த நினைப்பு வரும். பிள்ளைமேல் பாசம் எல்லா அப்பாக்களுக்கும் முதல் நாளே ஊற்றெடுப்பதில்லை. குளிப்பாட்டுவதோ, ராத்திரி தூங்க வைப்பதோ, ஒரு வேலையை முழுக்க உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். 'உதவி' என்று செய்யாதீர்கள். அதோடு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும், பத்தில் ஒருவருக்கு என்ற அளவில் ஆய்வுகள் சொல்கின்றன. எதிலும் பிடிப்பில்லாமல், எரிச்சலாக, வெறுமையாக இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரிடம் போங்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

கடன் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியுமா? நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றால் இன்றைக்கே தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். புரூனோ எல்லாவற்றையும் தனியாக முடிவு செய்துவிட்டு வந்துதான் சோனியாவிடம் சொன்னான். வீட்டு விஷயத்தில்கூட அப்படித்தான்.

மீதிப் படத்தைப் பார்க்கச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டாம். மூன்று மாதக் குழந்தையை வைத்திருக்கிற தாய் அந்த இடத்தில் எழுந்து போனது நியாயமானதே. ஆனால் அவர் பார்த்தவரைக்கும் அந்தக் குழந்தை ஜிம்மி விற்கப்பட்ட பிள்ளை. அவன் பத்திரமாகத் திரும்பி வந்து அம்மாவிடம்தான் வளர்கிறான் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.