முதலில் வெளியாள், அப்புறம் நம்ம பையன்

நண்பரே, சிக்கல் நீங்கள் கையெழுத்து வாங்கிய வரிசையில்தான். NBA கூடைப்பந்து அணியை நடத்தும் கேமில் உங்கள் இளம் கார்டுக்கு (பந்தை நடத்தி ஆடும் வீரர்) ஒரு வருடம் முன்னதாகவே மேக்ஸ் நீட்டிப்பு (அதிகபட்ச சம்பளத்தில் ஒப்பந்த நீட்டிப்பு) கொடுத்துவிட்டு, இப்போது வெளியிலிருந்து பெரிய வீரரை எடுக்க கேப்பில், அதாவது அணியின் சம்பள வரம்பில், இடமில்லை என்கிறீர்கள். பிலடெல்பியா அணி 2023-ல் தன் இளம் கார்டு டைரீஸ் மேக்ஸிக்கு நீட்டிப்பு தராமல் தள்ளிப் போட்டது, அதனால் 2024 கோடையில் அவர் பெயரில் கேப் ஹோல்டாக (ஒப்பந்தம் முடிந்த சொந்த வீரருக்காகக் கேப்பில் எண்ணப்படும் தொகை) சுமார் 1.3 கோடி டாலர்தான் கணக்கில் நின்றது. மிச்ச இடத்தில் வெளியிலிருந்து நட்சத்திர வீரர் பால் ஜார்ஜை 4 ஆண்டு, 21.2 கோடிக்கு எடுத்துவிட்டு, அப்புறம் பேர்ட் உரிமையை (சொந்த வீரரைக் கேப்பைத் தாண்டியும் மீண்டும் ஒப்பந்தம் செய்யும் உரிமை) வைத்து கேப்பைத் தாண்டியே மேக்ஸிக்கு 5 ஆண்டு, 20.4 கோடி கொடுத்தார்கள். மேக்ஸி பொறுத்திருந்ததுதான் இதில் பெரிய விஷயம், என்னைப் பொறுத்தவரை அதற்கே அவரைக் கொண்டாட வேண்டும்.

சரி, அடுத்து உங்கள் ஆறாவது ஆள் (பெஞ்சிலிருந்து முதலில் இறங்கும் வீரர்), அவரைத் தக்கவைக்க முடியுமா என்பது. போன வருடம் வெளியிலிருந்து ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவர் என்றால் முழு பேர்ட் உரிமை கிடையாது, அதற்கு மூன்று சீசன் வேண்டும். கேப்பைத் தாண்டி அந்த உரிமையில் தர முடிவது பழைய சம்பளத்தில் 120 சதவீதம்தான். 2023-ல் கோப்பை வென்ற கையோடு டென்வர் அணி தன் வீரர் புரூஸ் பிரவுனை இழந்தது இப்படித்தான்: அவர்களால் முதல் ஆண்டுக்குத் தர முடிந்தது ஏறக்குறைய 78 லட்சம் டாலர், இண்டியானா அணி கொடுத்தது 2 ஆண்டுக்கு 4.5 கோடி. உங்கள் ஆறாவது ஆளுக்கு மாற்றாள் ஒருவரை இப்போதே பார்த்து வையுங்கள்.