நாத்தனாருக்கு ஏசி, நகைக்கு வட்டி

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு மூன்று ஏக்கர், எனக்குத் தையல் கடை. மூன்று வருடம் முன்பு கோடைப் புழுக்கம் தாங்காமல் ஐந்து பவுனை அடகு வைத்து ஏசி வாங்கினோம். வருடா வருடம் வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறோம், கூடவே கொஞ்சம் அதிகமும் வாங்கிக்கொள்கிறோம். இப்போது கடன் 2 லட்சம், ஒன்றரை வட்டி. போன கோடையில் இரண்டு மாத கரண்ட் பில் 4,900 ரூபாய். மே விடுமுறைக்கு வரும் நாத்தனார் மாடி அறைக்கும் ஏசி கேட்கிறார். அக்காவிடம் எப்படி இல்லை என்பது என்கிறார் கணவர். வட்டியில்லாத் தவணையில் வாங்கலாமா, ஏர் கூலர் போதுமா?

பதில்: ஏசியை 24-இல் வைத்து ஃபேனும் போடுவது உங்களுக்குத் தெரியாததா? அதை விடுங்கள். உங்கள் பணத்தைத் தின்பது நகையைத் திருப்பித் திருப்பி வைக்கும் பழக்கம்.

2 லட்சத்துக்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 3,000, வருடம் 36,000. கிட்டத்தட்ட ஒரு ஏசியின் விலையை ஆண்டுதோறும் அடகுக் கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறீர்கள். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. தங்கம் விலை ஏறியதும் கடைக்காரர் "இன்னும் முப்பதாயிரம் தரலாமே" என்றிருப்பார். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள்!

நகையைக் கூட்டுறவு சங்கத்துக்கோ வங்கிக்கோ மாற்றுங்கள். பத்து சதவீதத்தை ஒட்டிக் கிடைத்தால் வருட வட்டி 20,000தான், 16,000 மிஞ்சும். மீட்கக் கைப்பணம் வேண்டுமே என்பீர்கள். சம்பாவுக்குப் பின் விதைத்த உளுந்துப் பணம் கோடையில்தானே வருகிறது? அதை ஏசிக்கு முன்பணமாகக் கொடுக்காமல், முடிந்த அளவு நகையை மீட்டு மாற்றுங்கள். மிஞ்சும் வட்டி அசலுக்குப் போகட்டும்.

வட்டியில்லாத் தவணை என்பதைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம். ரொக்கத் தள்ளுபடி போகும், செயல்பாட்டுக் கட்டணம் என்று ஒன்று சேரும். 40,000 ரூபாய் ஏசிக்குப் பன்னிரண்டு மாதம், மாதம் 3,300. எங்கிருந்து வரும்? மறுபடி அந்த ஐந்து பவுனிலிருந்துதான். கரண்ட்டும் சும்மா இல்லை. 4,900 ரூபாய் பில் என்றால் ஏறக்குறைய 800 யூனிட். அதற்கு மேல் யூனிட் பத்து ரூபாயைத் தாண்டும். இரவுக்கு 9 யூனிட் வீதம் ஒரு மாதம் ஓடினால் இன்னும் 3,000 ரூபாய்.

ஏர் கூலர் வேண்டவே வேண்டாம். அது தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கும். மதுரைப் பக்கம் ஓரளவு வேலை செய்யும். கடலோர டெல்டாவில் காற்றிலேயே ஈரம் நிற்பதால் புழுக்கம்தான் கூடும்.

மாடி அறை கொதிப்பது மொட்டை மாடித் தளத்தால். பகல் முழுக்க வெயிலை வாங்கி இரவில் உள்ளே கக்கும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, தென்னங்கீற்றில் பந்தல் போடுங்கள். உங்கள் ஊரில் கீற்றுக்கா பஞ்சம்? ஏசி விலையில் சிறு பங்குதான் ஆகும்.

நாத்தனாரிடம் கணவரே பேசட்டும். நகை அடகில் இருப்பதை மறைக்காமல் சொல்லட்டும். அக்காவுக்கு அது தெரியாமல்கூட இருக்கலாம். அப்படியும் ஏசிதான் வேண்டும் என்றால் அவரே வாங்கித் தரட்டும், கரண்ட் பில்லில் பாதியையும் ஏற்கட்டும். அதுவரை எல்லாரும் கீழ் அறையில் பாய் விரித்துப் படுங்கள்.