கருவுக்கு எதற்குச் செரட்டோனின்?

அன்புள்ள ஐயா,

செரட்டோனினை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்கிறார்கள். கருவின் மூளையிலும் அது இருப்பதாகப் படித்தேன். இன்பதுன்பம் அறியாத கருவுக்கு அது எதற்கு? நான் கர்ப்பமாக இருக்கிறேன். செரட்டோனின் அளவைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால்தான் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பட்டப்பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. 1948இல் செரட்டோனினைப் பிரித்தெடுத்தவர்கள் தேடியது, ரத்தக்குழாயைச் சுருக்கும் பொருளை. உடலிலுள்ள செரட்டோனினில் பெரும்பங்கு இருப்பதும் குடலில்தான்.

கருவில் அதன் வேலையே வேறு. சில வாரங்களிலேயே மூளைத்தண்டில் செரட்டோனின் நரம்பணுக்கள் தோன்றிவிடுகின்றன. அவற்றின் இழைகள் முன்மூளையை எட்டும்வரை நஞ்சுக்கொடி கைகொடுக்கிறது: தாயின் ரத்தத்தில் வரும் டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து செரட்டோனினைத் தயாரித்து அனுப்புகிறது. எலிகளில் இதை 2011இல் காட்டினார்கள். வளரும் நரம்பிழை எந்தப் பக்கம் திரும்புவது என்பதிலும் செரட்டோனினுக்குப் பங்குண்டு.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை எலியின் மீசையில் பார்க்கலாம். ஒவ்வொரு மீசை முடிக்கும் மூளைப் புறணியில் தனியாக ஒரு செல் கூட்டம் உண்டு. முகத்தில் முடிகள் இருக்கும் அதே வரிசையில், சின்னச் சின்னப் பீப்பாய்களாக அவை நுண்ணோக்கியில் தெரியும். செரட்டோனினைச் சிதைக்கும் நொதி ஒன்று இல்லாமல் பிறந்த எலிகளில் அந்தப் பீப்பாய்களே உருவாகவில்லை. பிறந்த முதல் சில நாட்களில் செரட்டோனின் உற்பத்தியை மருந்தால் தடுத்தபோது அவை உருவாயின! மூளையில் செரட்டோனினே சுரக்காத எலிகளும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் அவற்றின் மூளை அமைப்பில் பெரிய குறை தெரிவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த நாளில் வெகுநேரம் வேறெதுவும் ஓடவில்லை எனக்கு.

உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. பிறந்த சில நாட்களிலிருந்து ஃப்ளுவாக்சடின் என்ற மனச்சோர்வு மருந்து கொடுக்கப்பட்ட எலிக்குட்டிகள், வளர்ந்த பிறகு பதற்றம் மிகுந்தவையாக இருந்தன என்று 2004இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அந்தக் குட்டிகளுக்கு மருந்து நேரடியாகச் செலுத்தப்பட்டது. நோய்க்காக மருந்து எடுத்த தாய் அந்தக் கதையில் இல்லை. உங்கள் கதையில் இருக்கிறார். சிகிச்சை இல்லாத மனச்சோர்வு அவருடைய தூக்கத்தையும் பசியையும் குலைக்கும், குழந்தையையும் தொடும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, மாத்திரையைத் தொடர்ந்தால் என்ன, நிறுத்தினால் என்ன என்று இரண்டையும் கேளுங்கள்.