வாசகர் கேள்வி பதில்: ஊர் இணையத்தளம் மறையுமுன்

கேள்வி: எங்கள் ஊருக்காகக் கனடாவில் உள்ள உறவுகள் 2003இல் தொடங்கிய இணையத்தளத்தில் தேர்த் திருவிழாப் படங்கள், மரண அறிவித்தல்கள், பள்ளிக்கூட வரலாறு எல்லாம் இருக்கின்றன. நடத்துபவர் இனிக் கட்டணம் கட்டப் போவதில்லையாம். ஸ்கிரீன்ஷொட் எடுத்துச் சனசமூக நிலையத்தில் வைத்தால் போதுமா?
(வாசிகசாலைப் பொறுப்பாளர், வடமராட்சி)

பதில்: போதாது. ஸ்கிரீன்ஷொட்டில் சொல்லைத் தேட முடியாது, இணைப்பை அழுத்த முடியாது. நூலகங்கள் பயன்படுத்துவது வார்க் என்ற கோப்பு வடிவம். 2009 முதல் அது ஐ.எஸ்.ஓ. 28500 என்ற சர்வதேசத் தரம். ஒவ்வொரு பக்கமும் படமும் எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில் வந்தது என்பதோடு அப்படியே அதில் பதிவாகும்.

சின்னத் தளம் என்றால் குரோம் உலாவியில் சேர்க்கும் ஆர்க்கைவ்வெப்.பேஜ் என்ற இலவச நீட்சி போதும். பதிவைத் தொடக்கிவிட்டு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து செல்லுங்கள். உலாவி கேட்டுப் பெற்றதை மட்டுமே அது பதியும். அதனால் படத்தொகுப்பில் சிறுபடங்களைப் பார்த்ததோடு நிறுத்தினால் பெரிய படம் ஒன்றுமே பதிவாகாது. ஒவ்வொன்றையும் அழுத்தித் திறக்க வேண்டும், வீடியோவை ஓடவிட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனாலும் தேர்த் திருவிழா முழுதாகக் கிடைப்பது இதனால்தான். முடிந்ததும் கோப்பை இறக்கி, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, ரீப்ளேவெப்.பேஜ் மென்பொருளின் கணினிப் பதிப்பில் திறந்து பாருங்கள். இணைப்பு இருக்கும்போது பார்த்தால் நேரடித் தளத்தைப் பதிவென்று எண்ணி ஏமாறலாம்.

நடத்துபவரோடு பேச்சு இருக்கும்போதே தளத்தின் கோப்புகள், தரவுத்தளம், மூலப் படங்கள் ஆகியவற்றின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். தளத்தில் ஏற்றியவை பெரும்பாலும் சுருக்கிய படங்களே. அவகாசத்தை நம்பியிருக்க வேண்டாம். டொட் கொம் பெயர் காலாவதியானால் மீட்க 30 நாள் கிடைப்பது வழமை என்றாலும், தளம் அதற்கு முன்பே இருண்டுவிடும்.

கேள்வி: பழைய தமிழ்ப் பக்கங்களைச் சேமித்தேன். திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வருகின்றன. பிழை எங்கே?
(ஆசிரியை, சுன்னாகம்)

பதில்: சேமித்ததில் பிழையில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிக்கோட் குறியாக்கம் பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய பக்கங்கள் அவை. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியெண்களே. அவற்றைத் தமிழாகக் காட்டியது வாசகரின் கணினியில் இருந்த எழுத்துரு. அதனால் பக்கத்தை மட்டும் காப்பாற்றினால் தமிழ் தொலைந்துபோகும். பக்கத்தில் கன்ட்ரோல்+யு அழுத்தினால் அதன் மூலக் குறியீடு தெரியும். அதில் எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடித்து, அந்த எழுத்துருக் கோப்பையும் அதே கோப்புறையில் வையுங்கள். சில தளங்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மட்டுமான எழுத்துருவைத் தாங்களே அனுப்பின. இன்றைய உலாவிகளுக்கு அது உதவாது என்பதால், அந்த எழுத்துருக் கோப்பின் முகவரியைத் தேடித் தனியே இறக்க வேண்டும். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் உள்ள பக்கங்களுக்கு எழுத்துரு மட்டும் போதாமலும் போகலாம். உலாவியின் குறியாக்கமும் பொருந்தி வரவேண்டும்.

யூனிக்கோட்டுக்கு மாற்றிய பிரதி தேடலுக்குப் பயன்படும், ஆனால் தனியாக வையுங்கள். மூலத்தின் மேல் எழுதிவிடாதீர்கள். மாற்றியில் தவறும் எழுத்தைத் திருத்த மூலம் வேண்டும்.

கேள்வி: சேமித்ததை எங்கே, எப்படி வைப்பது?
(பழைய மாணவர் சங்கம், மானிப்பாய்)

பதில்: மூன்று பிரதி: ஒன்று சங்கத்தில் வன்தட்டில், ஒன்று வேறு ஊரில், ஒன்று வெளிநாட்டு உறுப்பினரிடம். 1981இல் யாழ். பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது, அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. பென் ட்ரைவை நீண்டகாலச் சேமிப்புக்கு நம்பாதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண் எடுத்துப் பட்டியலிட்டு, ஆண்டுக்கொருமுறை மீண்டும் கணித்து ஒப்பிடுங்கள். எண் மாறினால் அந்தப் பிரதி பழுதாகிவிட்டது. நல்ல பிரதியிலிருந்து மாற்றுங்கள்.

பொதுவில் திறக்குமுன் தளம் நடத்தியவரிடமும் படம் எடுத்தவர்களிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இணையப் பக்கத்தின் எழுத்துக்கும் படத்துக்கும் பொருந்தும். மரண அறிவித்தல்களில் வீட்டு விலாசமும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அவற்றை வாசிகசாலைக் கணினியில் மட்டும் பார்க்கவிடுவது நல்லது. பதிவேட்டில் தளத்தின் முகவரி, சேமித்த திகதி, பயன்படுத்திய மென்பொருள் ஆகியவற்றோடு, சேமிக்க முடியாமல் போனவை எவை என்பதையும் குறித்து வையுங்கள்.